பெரியப்பாவின் அம்பாசடர்: கடைப் பொம்மைக்கு வண்ணம் மாற்றினால் போதாதா?

பிப்ரவரி 9 (காவேரிப்பட்டணத்து வாசகரின் கேள்வி)

என் பெரியப்பா கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தவர். 1980-களின் நடுவில் வாங்கிய அம்பாசடர் மார்க் 4 காரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்றார். அந்த வண்டி பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்றே வீட்டில் நினைக்கிறோம். ஆனி மாதம் அவருக்குச் சதாபிஷேகம். அன்று அந்தக் காரின் சிறுவடிவம் ஒன்றை அவர் கையில் கொடுக்க விரும்புகிறேன். பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் அம்பாசடர் பொம்மை கடைகளில் கிடைக்கிறது. அதற்கு அவருடைய காரின் நிறத்தை அடித்து, எண்ணை எழுதிவிட்டால் போதும் என்பது என் எண்ணம். சரிதானே?

பிப்ரவரி 10

போதாது. கடையில் கிடைப்பது ஓர் அம்பாசடர். நீங்கள் கொடுக்க நினைப்பது உங்கள் பெரியப்பாவின் அம்பாசடர். என் அத்தானுக்கு அவருடைய மகன் இதையேதான் செய்தான். வெளிநாட்டில் வார்த்த அழகான ஃபியட் 1100 ஒன்றை வரவழைத்து, அத்தானின் பழைய பிரீமியர் பத்மினியின் (ஃபியட் 1100-இன் இந்தியப் பதிப்பு) நிறத்தை அடித்துக் கொடுத்தான். அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா, இது யாரோட வண்டி?" என்று கேட்டார்.

எல்லா அம்பாசடரும் ஒன்றுதான் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து எடுத்த உடற்கூட்டை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் பெரிய மாற்றமின்றித் தயாரித்து வந்ததால் அப்படித் தோன்றுகிறது. கூரையும் கதவுகளும் மாறவில்லை என்பது மெய். முகம் மாறிக்கொண்டே வந்தது. மார்க் 2-க்குக் கட்டம் போட்ட அகலமான கிரில். 1975-இல் வந்த மார்க் 3-க்குப் படுக்கைவாட்டுப் பட்டைகளும், கிரில்லோடு ஒட்டாத வட்டப் பார்க்கிங் விளக்குகளும். 1979-இல் வந்த மார்க் 4-க்கு அகலம் குறைந்த கட்டக் கிரில்லும், தனிக் கூட்டில் அமைந்த சதுரப் பார்க்கிங் விளக்கும். நான் கையில் எடுத்துப் பார்த்த பொம்மைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மார்க்கின் நெற்றியும் இன்னொரு மார்க்கின் வாயும் இருந்தன.

பிப்ரவரி 10, இரவு

மேலே எழுதியதை மீண்டும் படித்தேன். மார்க் பற்றி அவ்வளவு எழுதியது அவசியம்தான், ஆனால் முக்கியமானது அதுவன்று. கிரில் சரியாக இருந்தாலும் அது இன்னொருவருடைய மார்க் 4 ஆகவே இருக்கும். ஒரு கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அதன் சொந்தக்காரர் அதில் என்னவெல்லாம் சேர்த்தார், எதையெல்லாம் கழற்றினார், எங்கெல்லாம் இடித்தார் என்பவைதான் அதை அவருடையதாக ஆக்குகின்றன. கேரியர் இருந்ததா? இருக்கைக்குத் துண்டு உறையா, ரெக்ஸினா? நான்கு வீல் கப்பும் ஒரே மாதிரியா? கண்ணாடி கதவில் இருந்ததா, முன் மட்கார்டு மேலேயா? இவற்றைப் பெரியப்பாவிடம் நேரே கேட்டுவிடாதீர்கள். விஷயம் வெளியே தெரிந்துவிடும். முதலில் வீட்டில் உள்ள படங்களைத் தேடி எடுங்கள்.

பிப்ரவரி 13

அளவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்பாசடரின் நீளம் 4,325 மி.மீ., அகலம் 1,662 மி.மீ., முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,464 மி.மீ. சேகரிப்பாளர்கள் விரும்பும் 1:43 அளவில், அதாவது உண்மைக் காரில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்காக, இது பத்து சென்டிமீட்டர் நீளம்தான் வரும். எண்பது வயதுக் கண்ணுக்கு அது போதாது. 1:24 அளவில் 180 மி.மீ.; பிளாஸ்டிக் கார் கிட்டுகள் பல இந்த அளவில் வருவதால் சக்கரம், விளக்கு போன்றவற்றை ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். 1:18 அளவில் 240 மி.மீ. நீளம், 92 மி.மீ. அகலம், அச்சிடைவெளி 137 மி.மீ. இரு கைகளில் ஏந்திப் பார்க்கலாம், அலமாரியிலும் அடங்கும். 1:10 என்றால் 43 சென்டிமீட்டர். அதற்குத் தனி மேசை வேண்டும், வீட்டுக் குழந்தைகள் அதன் மேல் உட்காரவும் பார்ப்பார்கள்.

என் தேர்வு 1:18. நீங்கள் படங்களை அனுப்புங்கள். நான் ஓசூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மரப் பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மர மாதிரி) செய்து ஓய்வு பெற்றவன். கை சும்மா இருக்க மறுக்கிறது. உடற்கூட்டை நானே செய்து தருகிறேன்.

பிப்ரவரி 18

படங்கள் வந்தன. ஆயுத பூஜைப் படம் மிக அழகாக இருக்கிறது, ஆனால் அதனால் பயனில்லை. வாழைக்கன்றும் மாலையும் முன்பக்கத்தை முழுதாக மூடியிருக்கின்றன. சந்தனப் பொட்டின் அளவை வேண்டுமானால் அதிலிருந்து துல்லியமாக எடுக்கலாம். திருமணப் படத்தில் கேமராக்காரர் காருக்கு மிக அருகில் நின்றிருப்பதால் முன் மட்கார்டு யானையின் மத்தகம் போல் வீங்கித் தெரிகிறது. கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்கு அருகே தொலைவிலிருந்து பக்கவாட்டில் எடுத்த படம்தான் உருப்படியானது. ஒரு படத்தை அளவெடுக்க நம்பலாமா என்பதற்கு எளிய சோதனை உண்டு. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் படத்தின் மேலேயே வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் கேமரா சாய்வாக இல்லாமல் காரின் பக்கவாட்டை நேராகப் பார்த்திருக்கிறது. அணைப் படத்தில் ஒத்திருக்கின்றன.

பிப்ரவரி 19

தருமபுரி நண்பர் ஒருவர், "எண் பலகையை மறந்துவிடாதீர்கள், வெள்ளையில் கறுப்பு எழுத்து" என்று எழுதியிருக்கிறார். நன்றி, ஆனால் இந்த வண்டிக்கு அது பொருந்தாது. இன்று சொந்த வண்டிகளுக்கு வெள்ளைப் பலகை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மாற்றம் அது. அதற்கு முன் சொந்தக் காருக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தும், வாடகைக் காருக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தும் இருந்தன. 1990-களின் காருக்கு வெள்ளைப் பலகை மாட்டினால் மண்டிக்காரரை டாக்ஸிக்காரர் ஆக்கிவிடுவோம்.

இதில் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. தேதி எழுதாத படங்களை எண் பலகையின் நிறத்தை வைத்தே முன்பின் பிரித்துவிடலாம். திருமணத்திலும் அணையிலும் பலகை கறுப்பு. மண்டி வாசலில் எடுத்த படத்தில் வெள்ளை. அப்படியானால் அது விற்பதற்குச் சற்று முந்தைய காலம். அந்தப் படத்தில் கேரியர் இல்லை, வலப்பக்க முன் வீல் கப்பும் இல்லை. ஆகவே நாம் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்: எந்த ஆண்டின் கார்? எல்லா ஆண்டுகளையும் ஒரே வண்டியில் ஏற்றினால் அப்படி ஒரு வண்டி எந்த நாளிலும் சாலையில் ஓடியிராது. அணைப் படத்தின் காலத்தையே வைத்துக்கொள்வோம் என்கிறேன்.

எண்ணை எழுதுவது பற்றி: வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு உண்மையான எண்ணையே எழுதலாம். படம் எடுத்து இங்கே போடும்போது மட்டும் மறைத்துவிடுங்கள்.

மார்ச் 3

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மார்க் 4-ஐக் கண்டுபிடித்தோம். அதன் சொந்தக்காரர் முதலில் எங்களை விலைக்குக் கேட்க வந்தவர்கள் என்று நினைத்துப் பேச மறுத்தார். பிறகு அவரே டார்ச் பிடித்தார்.

வளைவுகளை அளப்பதில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். நீளத்தை டேப் சொல்லிவிடும். மட்கார்டு எப்படி உருண்டு கதவுக்குள் கரைகிறது என்பதை டேப் சொல்லாது. தடிமனான ஈயப் பற்றுக்கம்பியை உடற்கூட்டின் மேல் மெதுவாக அழுத்திப் படியவைத்து, வளைவு கெடாமல் எடுத்து, அட்டை மேல் வைத்துப் பென்சிலால் வரைய வேண்டும். வண்டியின் பெயிண்டில் கீறல் விழாமலிருக்க அடியில் மெல்லிய துணி. பானெட்டின் குறுக்கே, முன் கண்ணாடியின் அடியில், கூரையின் உச்சியில், டிக்கியின் முடிவில் என்று குறுக்குவெட்டுகள் எடுத்தோம். அந்த வரைபடங்களை ஜெராக்ஸ் கடையில் சிறிதாக்கினால் 1:18 டெம்ப்ளேட் தயார். ஒரே தாவலில் அவ்வளவு சிறிதாக்காமல் பல படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் தெரிந்த ஓர் அளவைச் சரிபார்க்க வேண்டும். ஜெராக்ஸ் இயந்திரம் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எப்போதும் ஒரே அளவாகக் குறைப்பதில்லை.

மார்ச் 4

ஓசூர் அன்பர் கேட்கிறார்: இந்தக் காலத்தில் ஈயக்கம்பி எதற்கு, இணையத்தில் முப்பரிமாணக் கோப்பை எடுத்து அச்சிட்டுவிடலாமே என்று. எடுக்கலாம். அவர் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். அதன் முகம் மார்க் 4-க்குப் பின் வந்த அம்பாசடர் நோவாவை ஒத்திருக்கிறது, பின் மட்கார்டு யாருடையது என்று தெரியவில்லை. அது திருத்தக்கூடியதுதான். எனக்கு உள்ள தயக்கம் வேறு. இழை உருக்கி அச்சிடும் சாதாரண இயந்திரத்தில் ஓர் அடுக்கு 0.2 மி.மீ. என்றால் 1:18 அளவில் அது உண்மைக் காரின் மேல் 3.6 மி.மீ. உயரப் படிக்கட்டுக்குச் சமம். செங்குத்தான கதவில் அது உப்புத்தாளுக்கு அடங்கிவிடும். அம்பாசடரின் கூரையைப் போல் மெல்லச் சரியும் பரப்பில் படிக்கட்டு அகன்று, நிலப்படத்தின் சமஉயரக் கோடுகளாகத் தெரியும். தேய்த்துத் தேய்த்து அதைப் போக்குவதற்குள் மரத்தையே செதுக்கிவிடலாம்.

ஆனால் கிரில்லை மட்டும் அவரிடமே விடுகிறேன். பிசினை ஒளியால் இறுக்கும் இயந்திரத்தில் அடுக்கு 0.05 மி.மீ. வரை இறங்கும். அந்தக் கட்டங்களை என் உளியால் எடுக்க முடியாது. ஓசூர்க்காரர் கிரில், விளக்கு வளையம், கதவுக் கைப்பிடிகள், கிருஷ்ணகிரிக்காரனான நான் உடற்கூடு. நல்ல உடன்படிக்கை.

மார்ச் 17

மர அச்சு உருவாகிக்கொண்டிருக்கிறது. மரம் வெட்பாலை. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தின் மரப் பொம்மைகளுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் பக்கத்து வறண்ட காடுகளிலும் வளரும். தந்த நிறம், நெருக்கமான நார், உளிக்கு முரண்டு பிடிக்காது. தேக்கில் செய்திருந்தால் அதன் எண்ணெய்ப் பசையும் வரியும் மேற்பரப்பில் எழுந்து நின்றிருக்கும்.

திட்டம் இது: மரத்தில் காரின் உருவத்தைச் செதுக்கி, அதன் மேல் சூடாக்கிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி, அடியிலிருந்து வேக்குவம் கிளீனரால் காற்றை உறிஞ்சினால் தகடு மரத்தோடு ஒட்டி ஓடாகிவிடும். இதில் என் தொழில் புத்தி தலைகீழாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. வார்ப்படத்தில் உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் பேட்டர்னை எப்போதும் பெரிதாகச் செய்வோம். இரும்புக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. இங்கே தகடு மரத்தின் வெளியே போர்த்தப்படுவதால் மரத்தைச் சிறிதாகச் செய்ய வேண்டும். தகட்டின் தடிமன் ஒரு மி.மீ. என்றால் இரு பக்கமும் சேர்த்து இரண்டு மி.மீ.; உண்மைக் காரில் 36 மி.மீ. அகலம் கூடியதற்குச் சமம். அம்பாசடருக்கு ஏற்கெனவே தொந்தி அதிகம், இன்னும் ஏற்ற வேண்டியதில்லை.

மார்ச் 18

ஒரே மரத்துண்டாகச் செதுக்கினால் மேலே போர்த்திய பிளாஸ்டிக் ஓட்டைக் கழற்ற முடியாதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. கதவுகளுக்குக் கீழே உடற்கூடு உள்நோக்கி மடங்குகிறது. போர்த்திய தகடு அங்கே மரத்தைக் கவ்விக்கொள்ளும். அதனால் மரத்தை நடுத்துண்டு ஒன்று, பக்கத்துண்டுகள் இரண்டு என்று பிரித்திருக்கிறேன். நடுத்துண்டை முதலில் உருவினால் பக்கங்கள் உள்ளே சாய்ந்து வெளியேறிவிடும். மணல் அச்சில் உதிரித்துண்டு வைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று.

ஏப்ரல் 7

ஓடு வந்துவிட்டது. கூரையின் மூலைகளில் தகடு இழுபட்டு மெலிந்திருக்கிறது. உள்ளே இன்னொரு பட்டை ஒட்டி வலுவூட்டினேன். கண்ணாடிகளையும் அதே மர அச்சின் மேல் தெளிவான பெட் தகட்டைப் போர்த்தி எடுத்தேன்; முன் கண்ணாடியின் வளைவு தானாகவே பொருந்திவிடுகிறது. ஃபெவிக்விக் கொண்டு கண்ணாடி ஒட்டுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அதன் ஆவி படிந்து கண்ணாடி பனிமூட்டம் போல் வெளுத்துவிடும். ஆறிய பின் நிறமற்றதாகும் வெள்ளைப் பசை போதும்.

ஏப்ரல் 12

நிறம். இங்கேதான் பெரிய வழக்கு. காவேரிப்பட்டணத்து வாசகர் பேச்சுவாக்கில் கேட்டதற்குப் பெரியப்பா "ஆகாய நீலம்" என்று சொல்லியிருக்கிறார். பெரியம்மா "சாம்பல், நல்ல சாம்பல்" என்று சாதிக்கிறார். படங்களைப் பார்த்தால் பெரியம்மா பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. காரில் நீலம் மருந்துக்கும் இல்லை.

ஆனால் எனக்கு அந்தப் படங்களின் மேல் ஐயம் இருக்கிறது. அக்காலத்து வண்ணப் படத்தாள்களில் மூன்று சாயங்கள் அடுக்காக இருக்கும். ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும் அவற்றில் சியான் எனும் பச்சைநீலச் சாயம்தான் பெரும்பாலும் முதலில் வெளிறும். அது போனதும் படம் முழுவதும் செம்மை ஏறும். வெளிர்நீலத்தின் மேல் செம்மை ஏறினால் நமக்குக் கிடைப்பது சாம்பல்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாளும் அதுவுமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அணைப் படத்தில் பெரியப்பா வெள்ளை வேட்டியில் காரின் அருகே நிற்கிறார். படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தால் வேட்டி வெள்ளையாக இல்லை, இளஞ்சிவப்பு. வேட்டி மீண்டும் வெள்ளையாகும் வரை கணினியில் படத்தின் செம்மையைக் குறைத்துக்கொண்டே வந்தேன். வேட்டி வெளுக்க வெளுக்கக் காரும் நீலமாகிவிட்டது. அடர்ந்த நீலமன்று, பால் கலந்த நீலம்.

பெரியப்பாவின் நினைவு வென்றது. பெரியம்மாவையும் குறை சொல்ல முடியாது; இத்தனை ஆண்டுகளாக அவர் பார்த்து வந்தது காரை அன்று, ஆல்பத்தை.

ஏப்ரல் 15

வேட்டிக்கு நீலம் போட்டு வெளுத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று தருமபுரி நண்பர் கேட்டிருக்கிறார். சிரித்தேன், பிறகு யோசித்தேன், பிறகு மண்டியின் வெள்ளைச் சுவரையும் வைத்து மண்டிப் படத்தைச் சோதித்தேன். விடை மாறவில்லை.

மே 5

பெயிண்ட் பற்றிச் சில சொற்கள். கார் பட்டறைகளில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டின் தின்னர் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். நேரே அடித்தால் கதவு ஓரங்கள் உருகி வழியும். முதலில் அக்ரிலிக் பிரைமரைத் தூசி படிவதுபோல் பல மெல்லிய பூச்சுகளாக அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல்தான் நிறம். நிறத்தையும் ஈரம் சொட்ட அடிக்கக் கூடாது.

கோடை மழை பெய்த மாலையில் அடிக்காதீர்கள். தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, நிறம் சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும். பெரியம்மா கட்சி அதைப் பார்த்தால் மகிழ்ந்துவிடும்.

மே 6

சிறு உருவத்துக்கு நிறத்தைச் சற்று வெளிறச் செய்ய வேண்டுமா என்ற பழைய விவாதத்தை ஓசூர் அன்பர் கிளப்பியிருக்கிறார். பெரிய பரப்பில் பிரகாசமாகத் தெரியும் நிறம் கையகலத்தில் அடர்ந்து தெரியும் என்பது உண்மை. நானும் வெள்ளை கலந்துதான் மாதிரி அடித்தேன். வெயிலில் சரியாக இருந்தது. வீட்டுக்குள் குழல்விளக்கின் கீழே பார்த்தபோது பல்பொடி நிறம். இந்தப் பொருள் இருக்கப்போவது கூடத்து அலமாரியில். ஆகவே துளி வெள்ளையோடு நிறுத்திக்கொண்டேன். வெயிலில் எடுத்துப் பார்ப்பவர்களுக்குச் சற்று அடர்த்தியாகத் தெரியும், தெரியட்டும்.

மே 26

சக்கரங்கள். அம்பாசடரின் டயர் 5.90-15. அதாவது அகலம் 5.9 அங்குலம், ரிம் 15 அங்குலம். நம் அளவில் அகலம் 8.3 மி.மீ., ரிம் 21 மி.மீ. பொம்மைக் கடைச் சக்கரங்கள் எல்லாம் இதைவிட அகலமானவை. அவற்றை மாட்டினால் அம்பாசடர் பந்தயத்துக்குப் புறப்பட்டதுபோல் நிற்கும். சேலம் சாலையில் ஒரு லேத் பட்டறையில் கறுப்பு நைலான் தண்டைக் கடைந்து வாங்கினேன். லேத்காரர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். காசு வாங்க மறுத்துவிட்டு, அவருடைய அப்பா ஓட்டிய லாரியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அதையும் செய்ய முடியுமா என்பதுதான் பேச்சின் முடிவு.

பம்பர்கள் அலுமினியப் பட்டையை வளைத்துப் பிராசோ போட்டுத் துலக்கியவை. குரோமியத்தின் நீலப் பளபளப்பு வரவில்லை, ஆனால் பத்து ஆண்டு ஓடிய பம்பருக்கு இதுவே போதும்.

இருக்கைகளுக்குத் துண்டு உறை. உண்மையான துண்டை வெட்டிப் போட்டால் அதன் நூல் வளையங்கள் இந்த அளவில் கம்பளி ஆட்டின் முதுகாகத் தெரியும். மருந்துக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பேப்பர் டேப்பை ஒட்டினேன். அதன் சொரசொரப்பு துவைத்துப் பழகிய துண்டை அப்படியே ஒத்திருக்கிறது.

மே 27

பானெட் திறக்குமா, எஞ்சின் உண்டா என்று கேட்டவருக்கு: திறக்காது, இல்லை. 1,489 சி.சி. எஞ்சினைச் செய்வது இன்னொரு ஆண்டு வேலை. செய்தாலும், சித்திரை வெயிலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோகும்போது ஃப்யூவல் பம்பின் மேல் போடும் ஈரத்துணியைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

ஜூன் 8

எல்லாவற்றையும் பொருத்தி மேசையில் வைத்தபோது ஏதோ குறைந்தது. கிரில் சரி, நிறம் சரி, கேரியர் சரி. ஆனாலும் அது ஷோரூமில் நிற்கும் கார். அணைப் படத்தோடு ஒப்பிட்டதும் புரிந்தது. படத்தில் காரின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது. அம்பாசடருக்குப் பின்னால் பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்). பாரம் ஏற ஏற, ஆண்டுகள் செல்லச் செல்ல, அது தளர்ந்து தட்டையாகும். மாங்காய்ப் பருவம் முழுவதும் டிக்கியிலும் கேரியரிலும் மரப்பெட்டி ஏற்றிப் போச்சம்பள்ளிச் சந்தைக்கும் சந்தூருக்கும் போய் வந்த வண்டி, வெறுமையாக நின்றாலும் நிமிர்ந்து நிற்காது. படத்தில் சக்கர வளைவுக்கும் டயருக்கும் இடையிலான இடைவெளியை அளந்தேன். பழையபேட்டைக் காரைவிட ஏறக்குறைய 50 மி.மீ. குறைவு, நமக்கு அது 2.8 மி.மீ. பின் அச்சின் தாங்கியை அந்த அளவுக்கு மேலே ஏற்றினேன்.

இதுவரை செய்த எந்த மாற்றமும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. முதலிலேயே இதைப் பார்த்திருக்கலாம் என்று ஒருவர் எழுதக்கூடும். நிறமும் கேரியரும் இல்லாத வெள்ளை ஓட்டில் இது கண்ணுக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஜூன் 15

இடப்பக்கப் பின்கதவின் நசுங்கல். திருமணப் படத்திலும் அணைப் படத்திலும் தெளிவாக இருக்கிறது. உள்ளங்கை அகலம், கைப்பிடிக்குக் கீழே. மண்டி மேடையில் உரசியதாக வாசகரின் தந்தை சொல்லியிருக்கிறார். தகட்டை உள்ளிருந்து லேசாகச் சூடாக்கி விரலால் அமுக்கி எடுத்தேன். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே எடுத்திருந்த மாற்றுக் கதவில்தான் இதைச் செய்தேன், அடித்த கதவைச் சூடாக்கவில்லை. பார்க்க நன்றாக வந்திருக்கிறது.

நசுங்கலைக் காட்டுவது மரியாதையா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். சதாபிஷேகத்துக்குக் கொடுக்கும் பொருளில் குறை இருக்கலாமா என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. இருந்தும் என் கருத்து மாறவில்லை: ஊரில் அந்தக் காரை அடையாளம் கண்டவர்கள் அந்த நசுங்கலை வைத்தே கண்டிருப்பார்கள்.

ஜூலை 6

கொடுத்தாகிவிட்டது. வாசகர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். பெரியப்பா முதலில் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்து, "லோடு ஏத்தியிருக்கா?" என்று கேட்டிருக்கிறார். பிறகு நிறத்தைப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்திருக்கிறார், ஒன்றும் சொல்லவில்லையாம். கேரியரில் பெட்டிகளை வைக்கோல் மேல்தான் அடுக்குவோம், வைக்கோல் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

கடைசியில் கதவுக்கு வந்திருக்கிறார். "இந்த நசுங்கல் என்கிட்ட இருந்தப்ப கிடையாது. வாங்கினவன் இடிச்சிருப்பான்."

படத்தைக் காட்டியும் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தில் அது நிழலாம்.

ஜூலை 9

நிறத்தில் படத்தை நம்பாமல் அவரை நம்பினோம். கதவில் அவரை நம்பாமல் படத்தை நம்பினோம். ஆண்டுகள் செல்லச் செல்லப் படத்தில் நிறம் மாறும், இல்லாத நசுங்கல் முளைக்காது என்பது என் வாதம். அவர் வாதம் எளிமையானது: வண்டி அவருடையது. இரண்டு நாள் யோசித்ததில் அவர் பக்கமும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன். எந்த ஆண்டின் கார் என்று நாமே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தோம் அல்லவா? நசுங்குவதற்கு முந்தைய நாளை அவர் தேர்ந்தெடுக்கிறார், அவ்வளவுதான்.

முதலில் அடித்த வழவழப்பான கதவு வீணாகக் கிடக்கிறது. இரண்டு கதவுகளின் உட்புறமும் மூன்று மி.மீ. விட்டமுள்ள காந்த வில்லைகளை ஒட்டி, உடற்கூட்டின் கதவு நிலையில் சிறு இரும்புத் துண்டுகளைப் பதித்தால், எந்தக் கதவை வேண்டுமானாலும் மாட்டிக் கழற்றலாம். அடுத்த வாரம் போய்ச் செய்து தருகிறேன். பெரியப்பா கூடத்தில் இருக்கும்போது வழவழப்பான கதவு, அவருடைய தம்பி வரும்போது நசுங்கிய கதவு.

ஜூலை 10

டெம்ப்ளேட்டுகளைக் கேட்டவர்களுக்கு: ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். மார்க் 4-க்கு அப்படியே பயன்படும். மார்க் 3 அல்லது நோவா செய்பவர்கள் பானெட்டுக்கு முன்னால் உள்ள குறுக்குவெட்டுகளை விட்டுவிட்டு, அந்தந்த மார்க்கின் ஓடும் வண்டியில் புதிதாக அளவெடுக்க வேண்டும். கூரை, கதவு, டிக்கி ஆகியவற்றை என் வரைபடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பின் அச்சின் உயரத்தை மட்டும் வரைபடத்தில் குறிக்கவில்லை. அது உங்கள் வீட்டுக் காரில் யார் என்ன ஏற்றினார் என்பதைப் பொறுத்தது.